மன்னார் வளைகுடாவில் எதைக் காத்திருக்கிறோம், எதைக் காக்கத் தவறியிருக்கிறோம்?

மன்னார் வளைகுடாவில் 1986ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்கா அறிவித்தாகிவிட்டது, ஆண்டுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது, பவளத்தையும் கடல் அட்டையையும் தொட்டாலே வழக்குப் பாய்கிறது. இத்தனைக்குப் பிறகும் கரையோரக் கடலில் உயிரினங்கள் குறைகின்றன என்றால் பாதுகாப்பு என்பதே வீண்தானா, அல்லது எதையோ தவறாகச் செய்கிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் என்று சொல்ல மாட்டேன். காத்த இடத்தில் பலன் கிடைத்திருக்கிறது என்பதற்கு அதே வளைகுடாவில் அளவிட்ட சான்று உண்டு. ஆனால் நம் சட்டங்கள் பெரும்பாலும் தீவுகளையும் உயிரினங்களின் பெயர்ப்பட்டியலையும் காப்பவை; பவளமும் கடற்புல்லும் கடல் அட்டையும் நண்டும் மீன்குஞ்சும் எதன்மேல் வாழ்கின்றனவோ அந்தக் கடலடித் தரையை அவை அரைகுறையாகவே காக்கின்றன. நான் விரிவாகச் சொல்லப்போவது இந்த ஒன்றைத்தான்.

முதலில் இடத்தைப் பற்றி. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என நான்கு கூட்டங்களாக 21 தீவுகள் ஒரு வரிசையில் கிடக்கின்றன. குருசடை, முயல் தீவு, நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காரைச்சல்லி, வான் தீவு போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவற்றையும் இவற்றைச் சுற்றிய ஆழம் குறைந்த நீரையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா. அதை நடுவில் வைத்துக் கன்னியாகுமரி வரை நீளும் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் சேர்ந்தது, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கல்பவளங்களில் மட்டும் 117 வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. ராமேசுவரத் தீவுக்கு வடக்கே போனால் கடலின் குணமே மாறிவிடுகிறது. அது பாக் விரிகுடா: பத்து மீட்டரைச் சுற்றியே ஆழம், சேறும் மணலும் கலந்த தரை, அதன்மேல் பரந்த கடற்புல் மேய்ச்சல் நிலங்கள். தெற்கே பார், வடக்கே புல் என்று சுருக்கமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடலுக்கு அடியில் கல்லாக மேடிட்டிருக்கும் இடத்தை மீனவர்கள் ‘பார்’ என்பார்கள். முத்துக்குளித்த காலத்து ‘முத்துப்பார்’ என்ற சொல்லில் இருப்பதும் அதுதான்.

இந்தப் பார்களுக்கு நேர்ந்ததை அறிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பல பத்தாண்டுகளாகத் தென்கடலோரத்தில் பவளக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்துப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டுமானத்துக்கும் விற்கும் தொழில் நடந்தது. செய்தவர்கள் தீயவர்கள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. கடலில் மீன் கிடைக்காத நாளில் கல் கிடைத்தது, அவ்வளவுதான். ஆனால் வளைகுடாவில் ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் இருந்த பவளப்பரப்பில் சுமார் 32 சதுர கிலோமீட்டர் இப்படி அழிந்ததாகத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தத் தீவுகள் எல்லாம் பாரின் மேல் அலை குவித்த மணலும் பவளத் துண்டுகளும் சேர்ந்து உண்டானவை. முன்னால் நிற்கும் பார் அலையின் வேகத்தை உடைக்கும் வரைதான் பின்னால் உள்ள மணல் நிற்கும். பாரைப் பெயர்த்ததும் அலை நேராகத் தீவின் கரையில் அறைந்தது, மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 21 என்ற எண்ணைப் பள்ளிப் புத்தகம் முதல் அரசு ஆவணம் வரை எல்லோரும் எழுதுகிறோம். அவற்றில் இரண்டை இன்று கால் நனையாமல் மிதிக்க முடியாது.

2001இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டம் வந்த மறுநாளே கல்லெடுப்பது நின்றுவிடவில்லை. கண்காணிப்பு, கைது, மாற்றுத்தொழில் உதவி என்று சில ஆண்டுகள் இழுபறியாகப் போனது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, முன்னால் தீவும் பாரும் இருந்த கரைகளில் அலையின் கடுமை குறைந்ததை ஊரே கண்ணால் கண்டது. 2005 வாக்கில் கல்லெடுப்பு ஓய்ந்தது. அதன்பின் அளவீடுகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். உயிருள்ள பவளம் தரையை மூடியிருக்கும் விகிதம் 2005இல் சுமார் 37 விழுக்காடாக இருந்தது, 2009இல் ஏறத்தாழ 43 ஆக உயர்ந்தது. யாரும் பெரிய அளவில் நட்டு வளர்க்கவில்லை. கடப்பாரையை எடுத்ததும் தானாக வளர்ந்தது. 2010 கோடையில் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது அது 33 அளவுக்கு இறங்கியது. பிறகு மெல்ல ஏறி 39ஐ நெருங்கியது. 2016இல் மீண்டும் ஒரு வெப்ப அலை. அந்த ஒரே கோடையில் 16 புள்ளிகள் இழந்து 23க்கும் கீழே போயிற்று.

இந்த எண்களைக் காட்டி “பாதுகாப்பினால் பயனில்லை, பவளம் குறைந்துகொண்டுதானே போகிறது” என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அவை நேர்மாறாகப் படுகின்றன. இரண்டு அடிகளுக்கு இடையில் கிடைத்த சில ஆண்டுகளில் பவளம் எழுந்து நின்றிருக்கிறது என்பதுதான் அவற்றில் முக்கியமான செய்தி. வெப்பத்தை ராமநாதபுரத்து வனத்துறையால் தடுக்க முடியாது. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசியை, நீர் சூடேறும்போது பவளம் வெளியே தள்ளிவிடுகிறது, அதனால் வெளிறுகிறது, சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பவளம் பட்டினியில் சாகும். இந்த நோயிலிருந்து எழுந்துவர அதற்குத் தெளிந்த நீரும், சேறு படியாத கல்லும், கல்மேல் படரும் பாசியை மேய்ந்து தின்னும் கிளிமீன் போன்ற மீன்களும் தேவை. அவற்றைத் தருவது நம் கையில்தான் இருக்கிறது. வெப்ப அலைகள் அடிக்கடி வரும் காலத்தில் இடைவெளி ஆண்டுகளை வீணாக்காமல் இருப்பதே கரையோரப் பாதுகாப்பின் வேலை என்பேன்.

இனி தரைக்கு நேரும் பெரிய அடிக்கு வருகிறேன். அது மடி. இழுவலையை நம் கரையில் மடி என்றே சொல்கிறார்கள். விசைப்படகின் பின்னால் இரண்டு கனமான பலகைகள் வலையின் வாயை அகல விரித்துக்கொண்டு தரையை உரசிப் போகும். அடிக்கயிற்றில் கோத்த ஈயக் குண்டுகளோ சங்கிலியோ சேற்றைக் கிளறி இறாலை மேலே எழுப்பும். கடைசிப் பையில் எல்லாம் சேரும். இறாலுக்காகப் போட்ட மடியில் இறால் ஒரு பங்கு வந்தால், காரல், சிறு நண்டு, கணவாய்க் குஞ்சு, சிறு சங்கு, வேரோடு பிடுங்கிய புல் என்று பல பங்கு வந்து சேரும். ராமேசுவரம் பக்கத்தில் இந்தக் கலவையைச் ‘சங்காயம்’ என்பார்கள். முன்பு கடலிலேயே கொட்டினார்கள். இப்போது அதற்கும் விலை கிடைக்கிறது, காய வைத்துக் கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகிறது. கேட்பாரற்றுப் போனதற்கு விலை வந்துவிட்டது நல்லதுதானே என்று தோன்றலாம். நேர்ந்தது என்னவென்றால், விலை வந்த பிறகு குஞ்சுமீனைத் தவிர்க்க வேண்டிய காரணம் போய்விட்டது. பெரிய மீன் கிடைக்காத நாளிலும் சங்காயத்தால் டீசல் செலவை ஈடுகட்டலாம் என்பதால், போகாமல் இருந்திருக்க வேண்டிய படகும் போகிறது.

1950களிலும் 1960களிலும் மீன்வளத்தைப் பெருக்க அரசே விசைப்படகுகளையும் இழுவலையையும் கொண்டுவந்தது என்பதை மறக்கக் கூடாது. மண்டபம் வரை வந்த இந்திய–நார்வே திட்டமும் அந்த வரலாற்றில் அடக்கம். இறால் ஏற்றுமதி டாலர் கொண்டுவந்தது, கடன் கொடுத்தார்கள், படகு பெருகியது. இன்று “இழுவை மீனவர் கடலை அழித்தார்” என்று கரையில் நின்றுகொண்டு சொல்வது எளிது. அவரை அந்தத் தொழிலில் இறக்கிவிட்டது ஒரு கொள்கை. வெளியே எடுப்பதும் கொள்கையின் பொறுப்பு.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது; கரையையொட்டிய சில கடல்மைல்கள் நாட்டுப்படகுகளுக்கு, அதற்கு வெளியே விசைப்படகுகளுக்கு என்று கடலைப் பிரித்தது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடும் நடைமுறையில் உண்டு. கடலைத் தெரிந்தவர்கள் போட்ட நல்ல ஏற்பாடு அது. வலை மேல் மடி ஏறி அறுத்துக்கொண்டு போகும் சண்டையைக் குறைத்தது. ஆனால் பாக் விரிகுடா ஒரு குறுகிய கிண்ணம். 1974இல் இந்தியாவும் இலங்கையும் வரைந்த எல்லைக்கோடு ராமேசுவரம் பக்கத்தில் பல இடங்களில் சில கடல்மைல் தொலைவிலேயே ஓடுகிறது. கரையோர ஒதுக்கீட்டைக் கழித்தால் நூற்றுக்கணக்கான விசைப்படகுகளுக்கு மிஞ்சுவது ஒரு கீற்று. எனவே படகுகள் ஒன்று கரைப்பக்கம் வந்து நாட்டுப்படகின் இடத்தில் மடி இழுக்கின்றன, அல்லது எல்லையைத் தாண்டுகின்றன. அந்தப் பக்கத்தில் போரின்போது ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் இருந்து, 2009க்குப் பிறகு வலையும் படகும் கடன் வாங்கித் தொழிலை மீண்டும் தொடங்கிய யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவுத் தமிழ் மீனவர்களின் வலைதான் அறுபடுகிறது. இலங்கை 2017இல் அடித்தள இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. நம் ஊர்ச் செய்தியில் இது எப்போதும் கைது, படகுப் பறிமுதல், கச்சத்தீவு என்றே வருகிறது. அடியில் கிடக்கும் விஷயம், இரு கரையும் சேர்ந்து பயன்படுத்தும் ஒரே தரையை ஒரு கருவி உழுதுகொண்டிருக்கிறது என்பது.

அதே 2017இல் இந்தியா ஒரு மாற்றையும் முன்வைத்தது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டுகளில் சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் அது. ஒரு படகுக்கு 80 லட்சம். பாதியை மத்திய அரசும், 20 விழுக்காட்டை மாநில அரசும் தர, 20 விழுக்காடு வங்கிக்கடன், மீதி 10 மீனவர் பங்கு. தாளில் இது மிக நல்ல கணக்கு. நடைமுறையில் வந்த படகுகள் இலக்கின் அருகில்கூட எட்டவில்லை. காரணங்களை யூகிக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் போய் மறுநாள் காலை திரும்பிப் பழகியவர் பல நாள் கடலில் தங்கித் தூண்டில் போட வேண்டும். அது வேறு தொழில், வேறு கைத்திறன், வேறு படகாட்கள். ஆழ்கடல் படகுக்கு ஏற்ற துறைமுகமும், பிடித்த சூரையைக் கெடாமல் வைக்கும் வசதியும், கரையில் நல்ல விலையும் இல்லாமல் கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தால் யார் துணிவார்கள்? தரையைக் காப்பதற்கான மிக முக்கியமான திட்டம் இதுதான் என்று கருதுகிறேன். அதனால்தான் இது தடுமாறியது எனக்கு மற்ற எதையும்விட உறுத்துகிறது. படகை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், இழுவைத் தொழிலிலிருந்து விலகுகிறவரின் பழைய படகுக்கு உரிய விலை கொடுத்து உடைத்துவிடுவதும், கரையோரத்திலேயே வேறு தொழிலைத் தேர்வு செய்ய விடுவதும் சேர்ந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் குறிப்பிட்ட 61 நாள் தடைக்காலம் பயனுள்ளதுதான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. 2001இல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாளாயிற்று. மீன்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜூன் 15 விடியும்போது எல்லாப் படகும் ஒன்றாக இறங்குகிறது; இரண்டு மாதத்தில் பெருகியதைச் சில வாரங்களில் வாரிவிடுகிறார்கள். மீன்குஞ்சுக்கு இரண்டு மாத ஓய்வு உதவும். பிடுங்கிய புல்லும் உடைந்த பவளமும் மீள அது போதாது, அவற்றின் கணக்கு ஆண்டுகளில் ஓடுவது.

இங்கே சுருக்குமடி பற்றி ஒரு சொல். தமிழ்நாடு அதை 2000இலேயே தடை செய்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் இடைக்கால ஆணையாக 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள், பகல் நேரத்தில் மட்டும் அனுமதித்தது. பெயரில் ‘மடி’ இருப்பதால் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். சுருக்குமடி நீரின் மேற்பகுதியில் கூட்டமாகத் திரியும் சாளை, அயிலை போன்றவற்றைச் சுற்றி வளைப்பது. அதன்மேல் உள்ள புகார், ஒரே வளைப்பில் பலருக்குரிய மீனைச் சிலர் அள்ளிவிடுகிறார்கள் என்ற பங்கீட்டுப் புகார்; நியாயமான புகார்தான். தரையை உழும் சேதம் அதைவிட வேறானது, ஆழமானது. இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வடக்கே புல்வெளிக்கு வருவோம். கடற்புல்லைப் பாக் விரிகுடா மீனவர்கள் ‘தாழை’ என்கிறார்கள். பாசி வேறு, தாழை வேறு. தாழைக்கு வேர் உண்டு, பூ உண்டு, தரைக்கடியில் படரும் தண்டு உண்டு. அந்த வேர் சேற்றைப் பிடித்து நிறுத்துவதால்தான் நீர் தெளிகிறது. இறால், நண்டு, ஓரா, கணவாய் எல்லாம் குஞ்சுப் பருவத்தை இதற்குள் கழிக்கின்றன. ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு இந்தத் தாழையைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் தின்னாத விலங்கு. ஒரு நாளில் 30, 40 கிலோ மேயும். பத்து வயதை ஒட்டியோ அதற்கு மேலோதான் பருவமடையும், சுமார் 13 மாதம் சுமந்து ஒரு கன்று ஈனும், அடுத்த கன்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட விலங்கில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வளர்ந்த பெண்கள் வலையில் மாட்டிச் செத்தாலே கூட்டம் தேயும். இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து இன்று இருப்பவை சில நூறே.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் இவ்வகையில் இதுவே முதலாவது. அதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. தேசியப் பூங்காவைப் போல மக்களை வெளியேற்றும் சட்டப்பிரிவின்கீழ் அது அமைக்கப்படவில்லை. மீன்பிடிப்பவர்கள் மீன்பிடித்துக்கொண்டே இருக்கலாம். சிலருக்கு இது பல்லில்லாத பாதுகாப்பாகத் தெரிந்தது. நான் உடன்படவில்லை. ஆவுளியா சாவது பெரும்பாலும் வலையில்தான். திருக்கை வலை போன்ற பெரிய கண்ணுடைய வலையில் சிக்கினால், சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விட வேண்டிய அந்த விலங்கு மூழ்கிச் சாகிறது. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் வனக்காவலர் அல்லர், வலைக்காரர் மட்டுமே. வலையை அறுத்து விட்டால் அவருக்குப் பல ஆயிரம் நட்டம். விடாமல் இருந்தாலும் யாருக்கும் தெரியாது. கறிக்காக ரகசியமாக விற்ற காலமும் இருந்தது. இன்று மனோரா, சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கரைகளில் மீனவர்கள் வலையை அறுத்து ஆவுளியாவை உயிரோடு விட்டுப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். வனத்துறை அவர்களை அழைத்துச் சிறப்பித்துப் பணமும் தருகிறது. அந்தப் பணம் தாமதமில்லாமல், வலையின் உண்மையான விலைக்குக் கிடைக்கும் வரை இந்த ஏற்பாடு நிற்கும். ஒரே ஒரு குறை சொல்வேன்: ஆவுளியாவை விடச் சொல்லும் அதே பரப்பில் தாழையை மடி பிடுங்குவதை நிறுத்தாவிட்டால், விலங்கைக் காப்பாற்றி அதன் தட்டைப் பறித்ததாகும்.

மக்களே விதி வகுத்துக்கொண்டதற்குப் பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பாசிப் பெண்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி அணிந்து, தீவுகளைச் சுற்றிய பாறைகளில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் கட்டக்கோரையும் எடுப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில். தேசியப் பூங்கா வந்ததும் அவர்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள்; படகு பறிப்பு, அபராதம், அவமானம். அவர்கள் போராடினார்கள், கூடவே தமக்குள் ஒழுங்கும் செய்துகொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, பாசி இனம்பெருக்கும் கோடையில் 45 நாள் நிறுத்துவது, பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் மட்டும் எடுப்பது. இந்தப் பெண்களுக்குத் தலைமை தாங்கிய லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற பன்னாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது. பாசியைக் காக்க அவர்களை விலக்கியதைவிட, அவர்கள் விதித்துக்கொண்ட 12 நாள் கணக்குக்குச் சட்ட ஏற்பு கொடுத்திருந்தால் தீவுகளைச் சுற்றிச் சம்பளமில்லாத நூற்றுக்கணக்கான காவலர்கள் கிடைத்திருப்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமாகக் கடல் அட்டையைக் காட்டலாம். அட்டை தரையின் மணலைத் தின்று, அதிலுள்ள மட்கிய பொருளைச் செரித்து, சுத்தமான மணலை வெளியே தள்ளும். கடலின் மண்புழு என்று சொல்லிவிடலாம். 2001இல் எல்லா வகை அட்டையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்யப்பட்டது. அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஒருசில மணி நேரப் படகுப் பயணத்தில் இருக்கும் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை எடுப்பது சட்டப்படியான தொழில். ஒரு கரையில் குற்றமும் எதிர்க்கரையில் வணிகமுமாக இருந்தால் என்ன நடக்குமோ அதுவே நடக்கிறது. ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூட்டை மூட்டையாக அட்டை பிடிபடும் செய்தி வராத மாதம் அரிது. கடத்தலில் போகும் அட்டைக்கு அளவும் இல்லை, பருவமும் இல்லை, கணக்கும் இல்லை. வெள்ளை அட்டையின் குஞ்சை உலகுக்கு முன்னோடியாக 1988இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பொரிக்க வைத்தார்கள் என்பது இதில் வேடிக்கையான பகுதி. நாளையே தடையை நீக்கிவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன், தரையில் எத்தனை அட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் திறப்பது முட்டாள்தனம். ஆனால் எண்ணிப் பார்த்து, குஞ்சு விட்டு, ஒருசில ஊர்களுக்கு ஒருசில பரப்பை ஒப்படைத்துப் பார்க்கலாம். அதையும் கவனமாகச் செய்ய வேண்டும். வட இலங்கையில் அட்டைப் பண்ணைகள் கரையோரத்தை வேலி போட்டு அடைப்பதாக அங்குள்ள சிறு மீனவர்களே எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்த உயிரினங்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களின் நடுவில் ஆய்வுக்காகக் கொண்டுவந்து, 2000க்குப் பின் வணிகமாகப் பரப்பிய கப்பாபைகஸ் பாசியை, அதை வாங்கிய நிறுவனத்தின் பெயரால் ‘பெப்சி பாசி’ என்றே ஊரில் சொல்வார்கள். பெண்களுக்கு நல்ல வருமானம் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் துண்டு விழுந்த இடத்தில் எல்லாம் முளைக்கும் அந்தப் பாசி, 2008 வாக்கில் குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள்மேல் போர்வைபோல் படர்ந்து கிடந்தது கண்டறியப்பட்டது. அதைக் கையால் பிடுங்கும் வேலை இன்றும் முடியவில்லை. அதே பாசியை மீண்டும் பெரிய அளவில் ஊக்குவிக்கும் இந்நேரத்தில், பவளம் இருக்கும் பக்கத்தில் ஒரு கயிறுகூடக் கட்டக் கூடாது என்பது குறைந்தபட்ச நிபந்தனை. எண்ணூரில் மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்ட தென்னமெரிக்கச் சிப்பி, ஆற்றின் தரையைப் பாய்போல் மூடி இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்திருப்பதும் இதே வகை. அது பெரும்பாலும் கப்பல்களின் வழியே வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். வந்த பின் விரட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

உண்மையில் எது பயன் தரும் என்று கேட்டீர்கள். என் வரிசையைச் சொல்கிறேன். பவளப்பார்களையும் தாழைப் பரப்புகளையும் வரைபடத்தில் குறித்து, அந்த எல்லைக்குள் மடி இறங்கவே கூடாது என்பதை முதலில் செய்வேன். படகுகளில் ஏற்கெனவே பொருத்தப்பட்டுவரும் இடங்காட்டிக் கருவிகளைக் கொண்டு இதைக் கண்காணிக்க முடியும், புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. அத்தோடு சேர்த்தே இழுவைப்படகுகளின் எண்ணிக்கையை விலை கொடுத்துக் குறைக்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைச் செய்தால் மீனவர் நீதிமன்றத்துக்கும் மறியலுக்கும்தான் போவார். மூன்றாவதாக, நாட்டுப்படகுக்காரரும் பாசிப் பெண்களும் சங்கு குளிப்பவரும் உட்கார்ந்து பேசும் ஓர் அவையை ஒவ்வொரு தீவுக் கூட்டத்துக்கும் அமைத்து, எந்த மாதம் எந்தப் பார் மூடியிருக்கும் என்பதை அவர்கள் முடிவு செய்ய விடுவேன். செயற்கைப் பார்கள், பவளத் துண்டுகளை நட்டு வளர்ப்பது, மூங்கில் சட்டத்தில் தாழை கட்டி ஊன்றுவது எல்லாம் இவற்றுக்குப் பின்னால் வருபவை. அவை படத்துக்கு அழகாக இருப்பதால் திறப்பு விழா நடத்த ஏற்றவை, ஆகவே நிதியும் அவற்றுக்கே எளிதாகக் கிடைக்கிறது.

ஆனாலும் அவற்றைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, வான் தீவு அதற்குக் காரணம். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள அந்தத் தீவு முன்பு பதினைந்து ஹெக்டேருக்கும் மேல் இருந்தது, 2015 வாக்கில் இரண்டு ஹெக்டேர் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. மூன்றாவதாக மூழ்கும் தீவு அதுதான் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம். சென்னை ஐஐடி பொறியாளர்கள் வடிவமைத்த துளையுள்ள கான்கிரீட் சட்டங்களை, பெயர்த்தெடுத்த பாருக்குப் பதிலாக, தீவின் கடல்பக்கத்தில் வளைவாக இறக்கினார்கள். அலை அங்கேயே உடையத் தொடங்கியது, தீவின் தேய்மானம் மட்டுப்பட்டு மணல் திரும்பச் சேர்ந்தது, சட்டங்களின்மேல் சிறு பவளங்கள் ஒட்டின, உள்ளே கலவாயும் விளைமீனும் குடியேறின. ஒரு காலத்தில் காளவாய்க்காகச் சில ரூபாய்க்கு விற்ற கல் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் கோடிக்கணக்கில் செலவழித்த அந்தக் கான்கிரீட் இப்போது செய்துகொண்டிருக்கிறது.